சைகோனிலிருந்து வந்த மெஷின்

உப்பளம், புதுச்சேரி
5 டிசம்பர் 1954

அன்புள்ள அண்ணன் சக்கரபாணி அவர்களுக்கு, தங்கை அஞ்சலாட்சி வணங்கி எழுதிக்கொள்வது. செங்கழுநீர் அம்மன் புண்ணியத்தில் நானும் உங்கள் மாப்பிள்ளை தணிகாசலமும் குழந்தை கண்ணகியும் சுகம். அங்கே உங்கள் சுகத்துக்கு எழுதவும். சின்ன வயதில் திருக்கை மீன் முள் ஏறிய இடது கால் மழைக்காலத்தில் இன்னும் குடைகிறதா என்பதையும் மறைக்காமல் எழுதவும்.

இப்பவும், நீங்கள் அனுப்பிய தையல் மெஷின் வந்து சேர்ந்தது. துறைமுகப் பாலம் புயலில் போனதிலிருந்து கப்பல் தூரத்தில்தான் நிற்கிறது. சலங்குப் படகில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். உங்கள் மாப்பிள்ளை துறைமுகத்தில் எத்தனையோ மூட்டை தூக்கியவர். இதைத் தூக்கிக்கொண்டு வந்து தெருமுனையிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே பீரங்கி வைத்து அனுப்பியிருக்கிறாரா உன் அண்ணன் என்று கேட்டார். வாசலில் நுழையாமல், கதவைக் கழற்றித்தான் உள்ளே வைத்தோம்.

தெருவே வந்து பார்த்தது. கறுப்பு உடம்பு, பொன் எழுத்து, இரும்புக் கால், மிதிப்பலகையின் மேல் ஆணியடித்த புத்தம்புது ரப்பர் விரிப்பு. பிரெஞ்சு ராணுவ ஆபீசில் கணக்கு எழுதும் அண்ணன் அனுப்பியது என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. அப்பா இருந்திருந்தால் வீராம்பட்டினத்திலிருந்து மேளத்தோடு வந்திருப்பார். "பிரெஞ்சுல செர்த்திபிகா பரிட்ச பாஸ் பண்ண புள்ள, உக்காந்து எழுதுற உத்தியோகம்" என்று அவர் கரையில் நின்று எல்லாரிடமும் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

பிரெஞ்சுக் கொடி இறங்கியதிலிருந்து கப்பல் வரத்துக் குறைவு. மாப்பிள்ளைக்குப் பல நாள் வேலையே இருப்பதில்லை. இனி நான் தைத்துத்தான் அடுப்பு எரிய வேண்டும். பெரிய மார்க்கெட் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சுலோசனா அம்மாளைப் போய்ப் பார்த்தேன். முதலில் சில ரவிக்கை தைத்துக் காட்டு, தையல் பிடித்தால் கடை வேலை முழுவதும் உனக்கே என்று சொல்லியிருக்கிறார். இத்தனை நாள் ஊசியும் கையுமாகத் தைத்தவளுக்கு இப்போது அண்ணன் மெஷின் இருக்கிறது. எனக்கென்ன பயம்.

வேறு விசேஷம் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடவும்.

தங்கை,
அஞ்சலாட்சி

*

சைகோன்
9 ஜனவரி 1955

அன்புத் தங்கை அஞ்சலாட்சிக்கு அண்ணன் ஆசிர்வதித்து எழுதுவது. நான் சுகம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். கண்ணகிக்கு என் ஆசிகள். கால் பற்றிக் கேட்டிருந்தாய். உட்கார்ந்து செய்யும் வேலைதானே, காலுக்கு என்ன.

மெஷின் ஈரம் படாமல் வந்ததா என்று நீ எழுதவில்லை. கடல் தண்ணீர் தெறித்திருந்தால் உடனே மண்ணெண்ணெயில் துடைத்து, பிறகு மெஷின் எண்ணெய் விடு. சக்கரத்துக்குப் பின்னால் ஒரு துளை இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால் அகப்படும். அந்த இடத்தை மறந்துவிடாதே. அது காய்ந்தால் மெஷின் முனகும். முனகினால் நிறுத்திவிட்டு எண்ணெய் விட வேண்டும். திட்டக்கூடாது.

இதெல்லாம் எனக்குத் தெரிந்ததல்ல. எங்கள் ஆபீசுக்கு எதிரே ஒரு தையற்காரர் இருக்கிறார், நம் பக்கத்து ஆள். அவர் சொன்னதை எழுதுகிறேன். சண்டை நின்றதும் ராணுவத்துக்குக் கூடாரம் தைக்கும் கொட்டகையை மூடிவிட்டார்கள். அங்கிருந்த மெஷின்களில் இதைவிட நல்லது கிடையாது என்று அவர்தான் எடுத்துக் கொடுத்தார். எத்தனை மடிப்புப் போட்டாலும் ஊசி தயங்காது என்கிறார்.

சுலோசனா அம்மாள் என்ன சொன்னார் என்று தவறாமல் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
சக்கரபாணி
ராணுவக் கணக்கு ஆபீஸ், சைகோன்

*

உப்பளம்
14 பிப்ரவரி 1955

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, தங்கை வணக்கம். எல்லாரும் சுகம். கண்ணகிக்கு இருமல் இருந்தது, இப்போது இல்லை. அங்கே வெயில் ஆரம்பித்துவிட்டதா?

மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். நீங்கள் சொன்ன துளை சொன்ன இடத்திலேயே இருந்தது. மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, நான்தான் இன்னும் அதற்குப் பழகவில்லை. நான் தரையில் உட்கார்ந்தே தைத்தவள். ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தால் தலை கூரைக் கழியில் இடிக்கிறது, கால் மிதிக்கு எட்டவில்லை. எட்டி மிதித்தால் குதிரை போல ஒரே பாய்ச்சல். கண்ணகி பயந்து பக்கத்து வீட்டுக்கு ஓடிவிடுகிறாள்.

சுலோசனா அம்மாள் கொடுத்தது மெல்லிய மல் துணி. ஊசி இறங்கும்போது துணியும் கூடவே ஓட்டைக்குள் இறங்கிவிடுகிறது. ரவிக்கையைக் கையில் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், மாவு சலிக்கவா தைத்தாய் என்று கேட்டார். கடைப்பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் இன்னொரு தரம் தைத்துக் கொண்டுவா என்று சொல்லித் துணி கொடுத்திருக்கிறார். நல்ல மனது.

நீங்கள் எதற்கும் கவலைப்படாதீர்கள். பழகிவிடும். எனக்காக மெஷின் எடுத்துக் கொடுத்த அந்தத் தையற்காரரின் சுகத்துக்கும் எழுதவும். அவர் பெயர் என்ன? எந்த ஊர்?

தங்கை,
அஞ்சலாட்சி

*

சைகோன்
20 மார்ச் 1955

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. நான் சுகம். உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் அம்மனை வேண்டுகிறேன்.

நீ எழுதியதை அந்தத் தையற்காரரிடம் சொன்னேன். மெல்லிய துணிக்கு அடியில் செய்தித்தாளை வைத்துத் தைத்து, பிறகு தாளைக் கிழித்து எடுத்துவிடச் சொல்கிறார். துணியை அழுத்திப் பிடிக்கும் காலுக்கு மேலே ஒரு திருகு இருக்கிறது, அதைத் தளர்த்து. மெல்லிய ஊசி ஒரு பொட்டலம் நம் ஊர்க்காரர் தேவதாஸிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த கப்பலில் ஊருக்கு வருகிறார், வாங்கிக்கொள். எல்லாவற்றுக்கும் மேலாக, துணியைப் பிடித்து இழுக்காதே. அது தானாகப் போகும், கை கூடவே போனால் போதும். ஆரம்பத்தில் அது எவனையும் பாடாய்ப் படுத்தும். பழகிய பிறகு, நாம் என்ன நினைக்கிறோமென்று காலிலிருந்தே அதற்குத் தெரிந்துவிடும். இதுவும் அவர் சொன்னதுதான்.

அவர் சுகம். பெயர் என்னவோ, இங்கே எல்லாரும் தையற்காரர் என்றே கூப்பிடுகிறார்கள். ஆபீசில் இப்போது வேலை கொஞ்சம் குறைவு. கவலைப்பட ஒன்றுமில்லை. நீ அந்த மெஷினை விட்டுவிடாதே.

இப்படிக்கு,
சக்கரபாணி
ராணுவக் கணக்கு ஆபீஸ், சைகோன்

*

உப்பளம்
12 ஜூன் 1955

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, தங்கை வணங்கி எழுதுவது. எல்லாரும் சுகம். இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. பொய் எழுதப் பிடிக்கவில்லை, நிஜம் எழுதத் தைரியம் வரவில்லை. இன்று வந்திருக்கிறது, எழுதுகிறேன்.

அந்த மெஷின் எனக்கு ஆகவில்லை. செய்தித்தாள் வைத்தேன், திருகைத் தளர்த்தினேன், தேவதாஸ் கொண்டுவந்த ஊசியெல்லாம் போட்டேன். போன மாதம் சுலோசனா அம்மாள் ஒரு கல்யாணப் பெண்ணின் மெல்லிய வாயல் துணி ரவிக்கையை நம்பிக் கொடுத்தார். துணியை நகர்த்தும் பல் கவ்வி முதுகிலேயே கிழித்துவிட்டது. அந்த அம்மாள் சத்தம்கூடப் போடவில்லை. ஆடிக்கு ஒரு கட்டுத் துணி தருவேன், அதுவும் இப்படியானால் இனி என் கடைப்படி ஏறாதே என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்து மெஷின் மேல் தலையை வைத்து அழுதேன்.

அப்போதுதான் காசிலிங்க மாமா வந்தார். அப்பாவோடு ஒரே கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர், உங்களுக்குத் தெரியாதா. இப்போது கடலுக்குப் போவதில்லை. வீராம்பட்டினத்து மரங்களுக்கெல்லாம் அவர்தான் பாய் தைக்கிறார். பாய்த்துணி வாங்க டவுனுக்கு வந்தவர், அப்படியே என்னையும் பார்க்க வந்திருக்கிறார். நான் அழுவதைப் பார்த்தார். தோளில் இருந்த பாய்த்துணியை மடித்து ஊசிக்குக் கீழே வைத்து, நின்றபடியே ஒரு காலால் மிதித்தார்.

அண்ணா, மெஷின் முனகவில்லை, துள்ளவில்லை. நல்ல பசு பால் கறக்க நிற்பது போல நின்றது. அந்த முரட்டுத் துணியில் தையல் நேராக ஓடியது. ஆறு மாதமாக என் கையில்தான் கோளாறு என்று நினைத்திருந்தேன். என்னிடமும் கோளாறு இல்லை, அதனிடமும் இல்லை. கூடாரம் தைக்கப் பிறந்ததை மல் துணி தைக்கச் சொன்னால் அது என்ன செய்யும்?

மாமா உடனே கேட்டுவிட்டார். "இத எனக்குக் குடு அஞ்சல. எங்க ஊட்ல ஆயம்மா தெச்ச கை மெஷின் சும்மா கெடக்குது. அத நீ எடுத்துக்க" என்றார். ஆயம்மா அத்தை காலமான பிறகு அவர் அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தாராம். யாருக்கும் கொடுக்காததை எனக்குக் கொடுத்தார்.

மாற்றிக்கொண்டேன். தரையில் உட்கார்ந்து, வலது கையால் பிடியைச் சுற்றி, இடது கையால் துணியைத் தள்ளினேன். நான் மெதுவாகச் சுற்றினால் மெதுவாகப் போகிறது, நிறுத்தினால் நிற்கிறது. கைக்குழி வளைவு முழுவதையும் ஒரு சுருக்கம் இல்லாமல் தைத்து எடுத்தபோது, நானே தைத்தேனா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, நான் நல்ல தையற்காரி. அது இப்போதுதான் எனக்கே தெரிந்தது.

உங்களைக் கேட்காமல் செய்துவிட்டேன். கோபமிருந்தால் எழுதித் திட்டுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

தங்கை,
அஞ்சலாட்சி

*

சைகோன்
17 ஜூலை 1955

தங்கை அஞ்சலாட்சிக்கு. நான் சுகம்.

உனக்கு எது சரியோ அதைச் செய்தாய். கோபமில்லை. காசிலிங்க மாமா கையில் இருப்பது நல்லதுதான்.

மிதிப்பலகை மேல் இருந்த ரப்பர் விரிப்பை அவர் எடுத்துவிட்டாரா? எடுக்க வேண்டாம் என்று சொல்.

சக்கரபாணி

*

உப்பளம்
22 ஆகஸ்ட் 1955

சைகோனில் ஆபீசுக்கு எதிரே இருக்கும் தையற்காரர் அவர்களுக்கு, உப்பளம் தையற்காரி அஞ்சலாட்சி வணங்கி எழுதுவது. நாங்கள் சுகம். உங்கள் சுகத்தை இதுவரை அண்ணன் மூலமாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். இனி நேராகக் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் நல்ல சேதி. ஆடிக்குக் கொடுத்த துணி முழுவதும் தைத்து முடித்துக் கொண்டுபோனேன். சுலோசனா அம்மாள் ஒவ்வொரு ரவிக்கையையும் உள்பக்கம் புரட்டிப் பார்த்தார். பிறகு, முன்பு என்னைப் பார்த்துச் சிரித்த பெண்களைக் கூப்பிட்டு, தையல் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று காட்டினார். கடை வேலை முழுவதும் எனக்குத்தான். மாப்பிள்ளை தினமும் துணிமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, என் பெண்சாதி தைத்தது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறார்.

இரண்டாவது சேதி. ஆடித் தேருக்கு வீராம்பட்டினம் போயிருந்தோம். தேர் நிலைக்கு வந்ததும் காசிலிங்க மாமா என்னைக் கரைக்குக் கூட்டிப்போனார். கரையெல்லாம் மரங்கள், மரங்களில் புதுப் பாய்கள். எல்லாம் அந்த மெஷினில் தைத்தவை. காற்று எவ்வளவு அடித்தாலும் மூட்டு பிரிவதில்லை என்று கடலுக்குப் போகிறவர்கள் சொல்கிறார்களாம். பிறகு வீட்டுக்குள் கூட்டிப்போய் மிதியைக் காட்டினார். வெறுங்காலில் ஒட்டுகிறது என்று ரப்பரை எப்போதோ பிடுங்கிப் போட்டிருந்தார். எடுக்க வேண்டாம் என்ற உங்கள் சேதி அதற்குப் பிறகுதான் வந்தது.

"எவனோ வருஷக்கணக்கா மெதிச்சிருக்கான் அஞ்சல. வலது கால் பூரா பதிஞ்சி கெடக்குது. எடது கால் பாரு, ஓரம் மட்டுந்தான் தேஞ்சிருக்கு. பாதத்தக் கீழ வைக்க முடியாதவன்" என்றார்.

நான் குனிந்து அந்தப் பள்ளத்தில் கையை வைத்துப் பார்த்தேன். அண்ணா, திருக்கை குத்திய பிறகு இடது காலை ஓரமாக வைத்தே நடக்கிறவன் நீ. ஈர மணலில் அந்தத் தடத்தைப் பார்த்துத்தான் நீ எந்தப் பக்கம் போனாயென்று நான் கண்டுபிடித்து ஓடி வருவேன். மரப்பலகையில் பார்த்தால் எனக்குத் தெரியாதா?

ஆபீசும் இல்லை, எதிரே தையற்காரரும் இல்லை. அந்தக் கொட்டகையில் இத்தனை வருஷம் உட்கார்ந்து கூடாரம் தைத்தவன் நீ. கொட்டகை மூடியதும் உன் கையிலிருந்த ஒரே மெஷினை எனக்கு அனுப்பிவிட்டாய். தடம் தெரியக்கூடாதென்று மேலே ரப்பரை அடித்தாய். அப்பா கரையில் நின்று சொன்ன உத்தியோகத்தைப் பொய்யாக்க உனக்கு மனம் வரவில்லை. அப்பாவுக்காக நீ செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கெதற்கு அந்த ஆபீஸ்?

பாய் தைத்துக் கொடுத்த கையில்லாமல் எந்த மரமாவது கடலுக்குப் போயிருக்கிறதா? கணக்கு எழுதும் அண்ணன் என்று ஊருக்குச் சொன்னபோது எனக்கு வாய் வலித்தது. என் அண்ணன் தையற்காரன் என்று அன்றைக்குக் கரையில் எல்லாரிடமும் சொன்னேன், வலிக்கவே இல்லை. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. கேட்டவர்கள், அப்படியா, எப்போது வருகிறான், எங்கள் பாயையும் தைப்பானா என்றுதான் கேட்டார்கள். மாமாவோ, "அவன வரச் சொல்லு. எனக்குக் கை பத்தல" என்றார்.

இப்போது உனக்கு மெஷின் இல்லை. என்ன செய்கிறாய், எங்கே சாப்பிடுகிறாய்? உன் சுகத்துக்கு நிஜமாக எழுது.

உன் தங்கை,
அஞ்சலாட்சி

*

உப்பளம்
16 நவம்பர் 1955

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை வணக்கம். தீபாவளி கழிந்தது. எல்லாரும் சுகம். ஆகஸ்டில் எழுதியதற்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. கப்பலில் வந்தவர்களையெல்லாம் மாப்பிள்ளை விசாரித்தார். உன்னைச் சந்தையில் பார்த்ததாகவும், மெலிந்திருந்ததாகவும் ஒருவர் சொன்னார். அது போதும் என்று ஒரு நாள் இருந்தேன். மறுநாள் போதவில்லை.

நான் எழுதியதில் சுடுசொல் இருந்தால் என் வாயைத் தெரியும் உனக்கு, விட்டுவிடு. ஆனால் தையற்காரன் என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன்.

சுலோசனா அம்மாள் கடையில் தீபாவளிக்கு நான் தைத்தது முழுவதும் விற்றுப்போனது. கண்ணகிக்கும் ஒரு கவுன் தைத்தேன், உனக்கும் ஒரு சட்டை தைத்து மடித்து வைத்திருக்கிறேன். அளவு ஞாபகத்தில் தைத்தது. மெலிந்திருந்தால் தொளதொளக்கும், வந்தால் பிடித்துத் தருகிறேன்.

காசிலிங்க மாமாவுக்கு ஒரு தொந்தரவு. பலகையிலிருக்கும் பள்ளம் அவர் காலுக்குச் சேரவில்லையாம், இடறுகிறதாம். தச்சரைக் கூப்பிட்டுச் சமமாக இழைத்துவிடப் போகிறேன் என்றார். பொங்கல் வரை தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். சும்மா என்றேன். அவர் சிரித்தார்.

தங்கை,
அஞ்சலாட்சி

*

சைகோன்
18 டிசம்பர் 1955

என் அன்புத் தங்கை அஞ்சலாட்சிக்கு அண்ணன் ஆசிர்வதித்து எழுதுவது. உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் வேண்டுகிறேன். என் சுகத்துக்கு நிஜமாக எழுதச் சொல்லியிருந்தாய். இருமல் இருக்கிறது. மழை வந்தால் கால் குடைகிறது. மெலிந்ததும் நிஜம்தான்.

நீ ஆகஸ்டில் எழுதியதைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன். மடிப்பு கிழிந்துவிட்டது. பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். ஆபீஸ் என்று எழுதிப் பழகிய கைக்கு வேறு எழுத வரவில்லை.

கொட்டகை மூடியதிலிருந்து ஒரு கடை வாசலில் வாடகை மெஷின் வைத்துத் தைக்கிறேன். குட்டி மெஷின், பெண்பிள்ளைகளின் பட்டுச்சட்டை தைப்பதற்கானது. நான் மிதித்தால் நூல் அறுகிறது, மெதுவாக மிதித்தால் பின்னால் ஓடுகிறது. இங்கே என்னைப் பார்த்தும் சிரிக்கிறார்கள். உன் ஜூன் மாதக் கடிதத்தைப் படித்த அன்று எனக்குக் கோபம் வந்தது நிஜம். மறுநாள் அந்தக் குட்டி மெஷின் முன்னால் உட்கார்ந்தபோது, நீ பட்ட பாடு முழுவதும் புரிந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கடைக்காரர் பயந்துபோனார்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் தைத்த கூடாரம் மழையில் ஒழுகியது என்று பட்டாளத்துச் சொல்தா ஒருவன்கூட வந்து சொன்னதில்லை. கொட்டகையில் மூட்டு பிரிந்ததென்று என் துணி ஒரு தரமும் திரும்பி வந்ததில்லை. நம் ஊர் மரங்களில் என் மெஷின் தைத்த பாய் நிற்கிறதென்று நீ எழுதிய இடத்தை மட்டும் தினமும் படிக்கிறேன். அப்பா இருந்தால் அதையும் கரையில் நின்று சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தச் சட்டையைப் பிடிக்காதே, அப்படியே இருக்கட்டும். உன் சாப்பாட்டில் சரியாகிவிடும்.

தை பிறந்ததும் கப்பல் ஏறுகிறேன். காசிலிங்க மாமாவிடம் சொல், பலகையை இழைக்க வேண்டாம். அதில் வைக்க வேண்டிய கால் வருகிறது.

உன் அண்ணன்,
சக்கரபாணி
தையற்காரன்